வெளிநாட்டு மின்னணுக் கிடங்கிலிருந்து வீட்டு வாசல் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐசி (சிப்), ரெசிஸ்டர், சென்சார் என்று வெளிநாட்டு விநியோகஸ்தர்களிடம் சில்லறையாக வாங்கும் மாணவர்களும், பழுது பார்ப்பவர்களும், சிறு தொழில் நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளைத் திரட்டியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கவலைதான்: பார்சல் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது? நான் பார்த்தவரை, தூரத்தால் பார்சல் தாமதமாவது குறைவு. அதைப் பற்றிய தகவல் எந்த இடத்தில் போதாமல் போகிறதோ, அங்கேதான் அது நிற்கும். கீழே உள்ள பதில்களை இந்த எண்ணத்தோடு படியுங்கள்.

நான் வாங்கும் பாகங்கள் உண்மையில் எந்த ஊரில் இருக்கின்றன?

கடையைப் பொறுத்தது. டிஜிகீ என்றால் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற சிற்றூர். மவுசர் என்றால் டெக்சாஸில் டாலஸ், ஃபோர்ட் வொர்த் நகரங்களை ஒட்டிய மேன்ஸ்ஃபீல்ட். ஃபார்னெல் 1939-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தொடங்கியது. ஆசியாவில் அதே நிறுவனம் எலிமென்ட்14 என்ற பெயரில் விற்கிறது. எல்சிஎஸ்சி என்றால் சீனாவின் ஷென்சென்.

இணையதளம் ரூபாயில் விலை காட்டுவதாலேயே சரக்கு இந்தியாவில் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. எந்தக் கிடங்கிலிருந்து கிளம்பும் என்பதை ஆர்டர் போடும் முன் பாருங்கள். வழி, வரி, நாள் மூன்றையும் அதுதான் தீர்மானிக்கும்.

இவ்வளவு பெரிய கிடங்கு ஏன் அப்படி ஒரு ஒதுக்குப்புற ஊரில் இருக்கிறது?

தீஃப் ரிவர் ஃபால்ஸின் மக்கள்தொகை 9,000-ஐத் தொடவில்லை. குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் பகுதி. அங்கே கிடங்கு வந்ததற்குக் காரணம் எளிமையானது: டிஜிகீயின் நிறுவனர் ரொனால்ட் ஸ்டோர்டால் அந்த ஊர்க்காரர். அமெச்சூர் வானொலிப் பிரியரான அவர், மோர்ஸ் குறியீடு அனுப்ப உதவும் ஒரு மின்னணுச் சாவியைத் தொகுப்பாக விற்றார். அதன் பெயர் டிஜி-கீயர். 1972-ல் தொடங்கிய நிறுவனம் அந்தப் பெயரையே சுருக்கி வைத்துக்கொண்டது.

சரி, தொடங்கிய இடம் அது. வளர்ந்த பிறகும் ஏன் மாறவில்லை? பாகங்கள் சிறியவை, எடையில்லாதவை, விலை மதிப்புள்ளவை. இப்படிப்பட்ட சரக்குக்குத் துறைமுகமோ பெருநகரமோ பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. இரவுக்குள் ஒரு விரைவுக் கூரியர் மையத்துக்குச் சரக்கு போய்ச் சேர வழி இருந்தால் போதும். அதனால் அதே ஊரிலேயே 22 லட்சம் சதுர அடியில் புதிய விநியோக மையம் கட்டி 2022-ல் திறந்தார்கள். ஒரு சிற்றூரின் பிழைப்பே இந்தக் குட்டிக் குட்டிப் பைகளில் ஓடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆர்டர் போட்டதும் கிடங்குக்குள் என்ன நடக்கிறது?

உற்பத்தியாளரிடமிருந்து வரும் ரீல்கள் (பாகங்கள் பதித்த டேப் சுற்றிய உருளைகள்) முதலில் சரிபார்க்கப்படும். பாக எண், லாட் எண் (ஒரே தொகுதியாகத் தயாரானதைக் குறிப்பது), தயாரித்த வாரம், தயாரித்த நாடு எல்லாம் கணினியில் ஏறும். பிறகு ரீல் அலமாரிக்குப் போகும். ரெசிஸ்டர் எல்லாம் ஒரு பக்கம், கெப்பாசிட்டர் எல்லாம் ஒரு பக்கம் என்று நம் கடைகளில் வைப்பது போல அங்கே பெரும்பாலும் வைப்பதில்லை. எந்த இடம் காலியோ அங்கே வைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்ணைக் கணினியில் பதிந்துவிடுவார்கள். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு பாகங்கள் அடுத்தடுத்து இல்லாததால் கை தவறி மாற்றி எடுப்பதும் குறையும்.

உங்கள் ஆர்டரில் பத்து வகைப் பாகங்கள் இருந்தால், அது பத்து வேலைகளாகப் பிரியும். ஒவ்வொன்றும் கிடங்கின் வேறு வேறு மூலையில் எடுக்கப்படும். 5,000 ரெசிஸ்டர் கொண்ட ரீலிலிருந்து உங்களுக்கு 25 தேவையென்றால், டேப்பில் துளை எண்ணி அந்த நீளத்துக்கு வெட்டுவார்கள். வெட்டிய துண்டு பைக்குள் போகும். பை மேல் உங்கள் ஆர்டர் எண்ணோடு சதுரக் குறியீடு அச்சாகும். பத்துப் பைகளும் பிளாஸ்டிக் தொட்டிகளில் ஏறி, கன்வேயரில் ஓடி, ஓரிடத்தில் சேரும். அங்கே பெட்டி, இன்வாய்ஸ், கூரியர் சீட்டு.

கிடங்கு இயங்குவது கூரியர் வண்டி கிளம்பும் நேரத்தை வைத்துத்தான். குறிப்பிட்ட மணிக்குள் வந்த ஆர்டர் அன்றைக்கே போயாக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் மானப் பிரச்சினை. அதனால்தான் நம் நேரத்தில் சாயங்காலம் போட்ட ஆர்டர், மறுநாள் காலை எழும்போது ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டுகிறது. நாம் தூங்கும் நேரம் அங்கே பகல்.

நாலே நாலு சிப்புக்கு இவ்வளவு பெரிய பையும் மூட்டையும் எதற்கு?

இரண்டு எதிரிகள்: நிலைமின்சாரமும் ஈரமும். வெள்ளி நிறப் பை முதல் எதிரிக்கு. அதில் உள்ள உலோகப் படலம் வெளியே உண்டாகும் மின்னேற்றம் உள்ளே தாக்காமல் தடுக்கும். இளஞ்சிவப்புப் பை தானாக மின்னேற்றத்தை உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது.

ஈரம் இன்னும் நுட்பமான விஷயம். சிப்பின் கறுப்புப் பிளாஸ்டிக் உடல் காற்றிலிருந்து மெதுவாக ஈரத்தை உறிஞ்சும். பிறகு பாகங்களைப் பலகையில் பற்றவைக்கும் ரீஃப்ளோ அடுப்பில் சட்டென்று சூடாகும்போது உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகி, உடலை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே இணைப்பு அறுந்து போவதும் உண்டு. ஈரத்தால் ஒரு பாகம் எவ்வளவு எளிதில் கெடும் என்பதைக் காட்ட எம்எஸ்எல் என்று ஒரு நிலை எண் வைத்திருக்கிறார்கள். நிலை 1 என்றால் கவலையில்லை. நிலை 3 என்றால் பையைத் திறந்த 168 மணி நேரத்துக்குள் பற்றவைத்துவிட வேண்டும். அதுவும் 30 டிகிரி செல்சியஸ், 60 சதவீத ஈரப்பதத்துக்குள் இருந்தால்தான் அந்த 168 மணி நேரம். சென்னையிலோ கொழும்பிலோ ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்கிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பையைத் திறந்ததும் உள்ளே ஒரு சின்ன அட்டை இருக்கும். 5, 10, 60 என்ற எண்களுக்குப் பக்கத்தில் வட்டப் புள்ளிகள். பழைய வகை அட்டையில் நீலம் என்றால் உலர்ந்திருக்கிறது, இளஞ்சிவப்பு என்றால் ஈரம் ஏறிவிட்டது. புதிய வகைகளில் நிறம் வேறு. விளக்கம் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் முதலில் அதைப் பாருங்கள். ஈரம் ஏறியிருந்தால் சிப்பை 125 டிகிரியில் உலர்த்துவது வழக்கம். ஆனால் ரீலும் டேப்பும் அந்தச் சூட்டைத் தாங்காது, உருகிவிடும். வெளியே எடுத்த பிறகே உலர்த்த வேண்டும்.

ஷென்செனிலிருந்து வரும் பார்சல் ஏன் ஹாங்காங்கில் தொடங்குகிறது?

ஷென்சென் நகரின் ஹுவாச்சியாங்பெய் உலகின் மிகப் பெரிய மின்னணுச் சந்தைகளில் ஒன்று. மாடி மாடியாகச் சின்னச் சின்னக் கடைகள். தெருவெங்கும் தள்ளுவண்டிகளில் பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கும். அந்த நகரமும் ஹாங்காங்கும் ஒட்டிக்கொண்டிருக்கும் எல்லை ஊர்கள். ஹாங்காங் விமான நிலையமோ சரக்கு கையாள்வதில் உலகில் முதலிடத்திலோ அதை ஒட்டியோ இருப்பது. எனவே பெட்டிகள் லாரியில் எல்லை கடந்து ஹாங்காங்கில் விமானம் ஏறுகின்றன. ஷென்சென், குவாங்சோ விமான நிலையங்களிலிருந்தே கிளம்புபவையும் ஏராளம். குவாங்சோவில் ஃபெடெக்ஸின் ஆசிய மையம் 2009 முதல் இருக்கிறது.

மலிவான சேவை என்றால் இதற்கு முன்னால் இன்னொரு கட்டம் உண்டு. பல கடைகளின் பொட்டலங்கள் ஒரே திரட்டுக் கிடங்குக்கு வந்து, நாடுவாரியாகப் பிரிந்து, ஒரு சாக்குப் பை நிறையும் வரை காத்திருக்கும். ட்ராக்கிங்கில் நாள்கணக்கில் அசைவில்லாமல் இருப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான்.

அமெரிக்காவில் கிளம்பிய பார்சல் நமக்கு எதிர்த்திசையில் போகிறதே?

போகட்டும், அதுதான் சீக்கிரமான வழி. விரைவுக் கூரியர்கள் ஊருக்கு ஊர் நேராக ஓடுவதில்லை. எல்லாம் ஒரு நடுவிடத்துக்கு வந்து, பிரிந்து, மறுபடி கிளம்பும். ஃபெடெக்ஸுக்கு அது டென்னஸி மாநிலத்தின் மெம்ஃபிஸ். 1973 ஏப்ரல் 17 அன்று 14 சிறு விமானங்களில் 186 பொட்டலங்களை 25 நகரங்களுக்குக் கொண்டுபோய் அந்த நிறுவனம் வேலையைத் தொடங்கியது. இன்றைக்கு அங்கே இரவு பத்தரை, பதினொன்றுக்கு மேல் விமானங்கள் வரிசையாக வந்திறங்கும். கொள்கலன்கள் இறங்கி, பெட்டிகள் கன்வேயரில் கொட்டப்பட்டு, கேமராக்களுக்கு நடுவே ஓடும்போதே எடையும் அளவும் முகவரியும் படிக்கப்பட்டு, விடிவதற்குள் வேறு விமானங்களில் ஏறிவிடும். யுபிஎஸ்ஸுக்கு இதே வேலை கென்டக்கியின் லூயிவில் நகரில் நடக்கிறது. அந்த மையம் மணிக்கு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பொட்டலங்களைப் பிரிக்கும் திறன் கொண்டது.

டிஹெச்எல்லின் ஐரோப்பிய மையம் ஜெர்மனியின் லைப்சிக்கில் இருக்கிறது. முன்பு பிரஸ்ஸல்ஸில் இருந்தது. அங்கே இரவு விமானங்களைப் பெருக்க அனுமதி கிடைக்காததால் 2008-ல் லைப்சிக்குக்கு மாற்றினார்கள். இரவு முழுக்க விமானம் இறங்கலாமா என்பதுதான் இந்தத் தொழிலில் ஒரு ஊரின் தகுதி. அந்த ஓசையில் தூங்க வேண்டிய மக்களைப் பற்றியும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ட்ராக்கிங்கில் அலாஸ்காவின் ஆங்கரேஜ் வந்தாலும் பயப்பட வேண்டாம். ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முழுச் சுமையோடு பறக்கும் சரக்கு விமானங்கள் அங்கே எரிபொருள் நிரப்பிப் போகும். எரிபொருளைக் குறைத்தால் அந்த எடைக்குச் சரக்கு ஏற்றலாம் என்ற கணக்கு.

தபால் ட்ராக்கிங் எண்ணை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறையவே. உலகத் தபால் ஒன்றியம் 1874-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உருவானது. அதன் விதிப்படி எண்ணில் முதலில் இரண்டு எழுத்துகள், பிறகு ஒன்பது இலக்கங்கள், கடைசியில் நாட்டின் இரண்டு எழுத்துகள். ‘ஆர்’ என்று தொடங்கினால் பதிவுத் தபால், ‘ஈ’ என்றால் ஈஎம்எஸ் விரைவுத் தபால், ‘சி’ என்றால் பார்சல். கடைசியில் ‘சிஎன்’ இருந்தால் சீனா, ‘எஸ்ஜி’ இருந்தால் சிங்கப்பூர். சீனக் கடையில் வாங்கியது சிங்கப்பூர் எண்ணோடு வந்தால் ஏமாற்று இல்லை. அந்த நாட்டுத் தபால் வழியாக அனுப்பியிருக்கிறார்கள்.

ஒன்பது இலக்கங்களில் கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். முதல் எட்டு இலக்கங்கள் 12345678 என்று வையுங்கள். அவற்றை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 8, 12, 12, 8, 15, 30, 63, 56. கூட்டினால் 204. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 6. பதினொன்றிலிருந்து ஆறு போனால் 5. ஆகவே முழு எண் 123456785. (விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் எழுத வேண்டும்.) விற்பவர் கொடுத்த எண் இந்தக் கணக்கில் தப்பினால், எங்கோ தட்டச்சுப் பிழை, அல்லது எண்ணே கற்பனை. புகார் எழுதும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

பல நாளாக ட்ராக்கிங் அசையவில்லை. தொலைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ‘தகவல் பெறப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் சீட்டு அச்சடித்திருக்கிறார்கள், பெட்டி இன்னும் கை மாறவில்லை என்று பொருள். ‘நாட்டை விட்டுக் கிளம்பியது’ என்பதும் பல சமயம் விமானம் ஏறியதைக் குறிக்காது. விமான நிறுவனத்திடம் பை ஒப்படைக்கப்பட்டது என்பதைத்தான் குறிக்கும். தபாலில் பொட்டலங்கள் பையாகப் போகின்றன. பையைத் திறக்கும் வரை உள்ளே இருக்கும் உங்கள் பொட்டலத்தை யாரும் ஸ்கேன் செய்ய முடியாது. கூரியரில் இந்த மௌனம் ஓரிரு நாளுக்கு மேல் நீண்டால் அழைத்துக் கேளுங்கள். தபாலில் இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம்.

சீனாவிலிருந்து அவ்வளவு மலிவாக எப்படி அனுப்ப முடிந்தது?

ஒரு நாட்டின் தபாலை இன்னொரு நாட்டின் தபால்காரர் வீடு சேர்த்தால் அதற்கு அனுப்பிய நாடு கூலி கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அப்படி எதுவும் கிடையாது; வருவதும் போவதும் சமமாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள். 1969-ல் டோக்கியோவில் நடந்த தபால் ஒன்றிய மாநாட்டில்தான் அந்தக் கூலி ஏற்பட்டது. பிறகு வளரும் நாடுகளுக்குக் குறைந்த விகிதம் வைத்தார்கள். கடிதங்களை மனத்தில் வைத்துப் போட்ட விதி அது. சின்னப் பொட்டலங்களும் கடிதத் தபாலிலேயே போகலாம் என்பதால், இணையக் கடைகள் வந்ததும் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு பொட்டலம் அனுப்புவது அமெரிக்காவுக்குள்ளேயே அனுப்புவதைவிட மலிவானது. அமெரிக்கா ஒன்றியத்தை விட்டே விலகுவதாகச் சொல்ல, 2019 செப்டம்பரில் ஜெனீவாவில் சிறப்பு மாநாடு கூடி, நாடுகள் தங்கள் விகிதத்தைத் தாங்களே உயர்த்திக்கொள்ள வழி செய்தது. இலவச ஷிப்பிங் அரிதானதற்குப் பின்னால் இருக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று அதுதான்.

கூரியரா, தபாலா? எதைத் தேர்ந்தெடுப்பது?

வேலை நின்றுபோய் ஒரு பாகத்துக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால் கூரியர். பொழுதுபோக்குக்கு என்றால் தபால் போதும். கூரியரில் பெட்டி பறந்துகொண்டிருக்கும்போதே சுங்க ஆவணம் முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். கூரியர் நிறுவனமே உங்கள் சார்பில் வரியைக் கட்டிவிட்டு, ஒரு சேவைக் கட்டணத்தையும் சேர்த்து வசூலிக்கும். தபாலில் பொட்டலம் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா போன்ற ஊர்களில் உள்ள வெளிநாட்டுத் தபால் நிலையம் ஒன்றுக்கு வந்து அங்கே சுங்க அதிகாரியின் பார்வைக்குப் போகும்.

சுங்கத்தில் ஏன் நிற்கிறது?

பத்தில் ஒன்பது கேள்விகள் இதைப் பற்றித்தான். விளக்கமாகவே சொல்கிறேன்.

முதல் காரணம், ‘எலெக்ட்ரானிக் பார்ட்ஸ்’ என்று மொட்டையாக எழுதிய இன்வாய்ஸ். அதிகாரிக்குத் தேவை பொருளின் ஹெச்எஸ் குறியீடு, அதாவது சரக்கை வகைப்படுத்தும் எண். முதல் ஆறு இலக்கம் உலகுக்கே பொது. இந்தியாவில் எட்டு இலக்கம். ரெசிஸ்டர் 8533, கெப்பாசிட்டர் 8532, வெற்று பிசிபி (பாகம் பொருத்தாத மின்சுற்றுப் பலகை) 8534, டையோடும் டிரான்சிஸ்டரும் 8541, ஐசி 8542. இந்த எண்கள் முக்கியமானவை. 1996-ல் உலக வர்த்தக அமைப்பில் ஏற்பட்ட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் சேர்ந்தது. அதன் பயனாக ஐசி போன்றவற்றுக்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது, ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) மட்டும்தான். ஆனால் அதே பொருளை ‘சொந்தப் பயன்பாட்டுப் பொருள்’ என்று 9804 என்ற தலைப்பின் கீழ் போட்டுவிட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே விகிதத்தில் வரி விழும். அந்த விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியது. ஆர்டர் போடும் நேரத்தில் இருப்பதைப் பாருங்கள். ஒரு வரி விளக்கம் சரியாக இல்லாததால் மாணவர்கள் கட்டும் பணத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, அடையாள ஆவணம். தனி நபருக்கு ஆதார், பாஸ்போர்ட் போன்ற ஒன்று. நிறுவனத்துக்கு ஐஇசி என்ற இறக்குமதி-ஏற்றுமதி எண்ணும் ஜிஎஸ்டி எண்ணும். ஆவணத்தில் உள்ள பெயரும் பார்சலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் இனிஷியல் வழக்கம் இங்கே தொல்லை கொடுக்கும்: ஆதாரில் ‘எஸ். குமார்’, ஆர்டரில் ‘குமார் சுப்பிரமணியன்’ என்று இருந்தால் பெட்டி நிற்க வாய்ப்புண்டு. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

மூன்றாவது, மதிப்பு. வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை; போக்குவரத்தும் காப்பீடும் சேர்த்த தொகைக்கு. விமானக் கட்டணம் எவ்வளவு இருந்தாலும் பொருள் விலையில் 20 சதவீதம் வரைதான் கணக்கில் சேர்க்கலாம் என்று இந்திய மதிப்பீட்டு விதி சொல்கிறது. நூறு ரூபாய்ப் பாகத்துக்கு ஆயிரம் ரூபாய் கூரியர் கட்டியவர்கள் இந்த விதியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்லலாமா?

கூடாது. பொய் என்பது ஒருபுறம். இந்தியாவில் பரிசுப் பொருள் என்ற பெயரில் கிடைத்த வரிவிலக்கு 2019 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. ராக்கி, உயிர் காக்கும் மருந்து போன்றவற்றுக்குத்தான் மிச்சம். ஆக, அந்தச் சொல்லால் இன்று கிடைப்பது சந்தேகம் மட்டுமே.

வரி கட்டினாலும் வராத பொருள்கள் உண்டா?

உண்டு. ரேடியோ அலை அனுப்பும் கருவிகளுக்கு மத்திய அரசில் ரேடியோ அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவின் ஒப்புதல் வேண்டும். வைஃபை, புளூடூத் மாட்யூலும் இதில் அடங்கும். அடாப்டர், பவர் பேங்க் போன்றவை இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் கட்டாயப் பதிவின் கீழ் வருகின்றன. முழு ட்ரோன் இறக்குமதி 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. உதிரிப் பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை.

லித்தியம் பேட்டரியை அனுப்ப ஏன் மறுக்கிறார்கள்?

உயிர் போயிருக்கிறது. 2010 செப்டம்பர் 3 அன்று யுபிஎஸ்ஸின் 747 சரக்கு விமானம் ஒன்று ஹாங்காங்கிலிருந்து துபாய் வந்து, கொலோன் நகருக்குக் கிளம்பியது. சுமையில் லித்தியம் பேட்டரிகள் நிறைய. கிளம்பி அரை மணிக்குள் சரக்கறையில் தீ. புகையில் கருவிகளே தெரியாத நிலையில் திரும்பி வர முயன்ற விமானம் துபாயில் விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தனர். நம் பார்சல்கள் வருகிற அதே வகைப் பாதை அது.

2016 ஏப்ரல் 1 முதல், தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தின் சரக்கில் ஏற்றக் கூடாது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. கருவிக்குள்ளேயோ கருவியோடு சேர்த்தோ வருவதற்கு விதி வேறு. பெட்டியில் யுஎன் 3480 என்றிருந்தால் தனி பேட்டரி, 3481 என்றால் கருவியோடு வருவது. பேட்டரியை ‘பொம்மை’ என்று எழுதி அனுப்பும் விற்பனையாளரிடம் வாங்கவே வாங்காதீர்கள். சேமிக்கும் நூறு ரூபாய்க்கு அடியில் இரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டும் விமானம் இருக்கிறது.

அரை கிலோ பொருளுக்கு ஐந்து கிலோ கட்டணம் ஏன்?

பெட்டி அடைக்கும் இடத்துக்கும் கட்டணம் உண்டு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது விரைவுக் கூரியர்களின் வழக்கம். 40, 30, 20 அளவுள்ள பெட்டி 4.8 கிலோ என்று கணக்காகும். உண்மை எடை, இந்த எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்கே பணம். சிறிய பெட்டியில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், செய்வார்கள்.

எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்கிறாரே, அவருக்கு என்ன வந்தது?

அவருடைய நாட்டுச் சட்டம் கேட்கச் சொல்கிறது. சில வகைச் சிப்புகள் ராணுவத்துக்கும் பயன்படும் என்பதால் அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளின் கீழ் வருகின்றன. சாதாரண ரெசிஸ்டருக்கும் ஆர்டினோ பயிற்சிப் பலகைக்கும் அந்தக் கவலை இல்லை. படிவம் வந்தால் உண்மையை முழு வாக்கியமாக எழுதுங்கள்: ‘கல்லூரி ஆய்வகத்தில் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கு’ என்பது போல. ‘புராஜெக்ட்’ என்று ஒற்றைச் சொல் போட்டால் மறுபடி கேள்வி வரும், இரண்டு நாள் போகும்.

நம் ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பினால்?

முன்பு 800 டாலர் வரை வரியில்லாமல் போகும். 2016-ல் வந்த வரம்பு அது. சீனா, ஹாங்காங் பொருள்களுக்கு 2025 மே 2 அன்றும், எல்லா நாடுகளுக்கும் ஆகஸ்ட் 29 அன்றும் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. வரியை யார் எப்படி வசூலிப்பது என்ற குழப்பத்தில் இந்தியத் தபால் துறை உட்படப் பல நாட்டுத் தபால்கள் சில வாரங்கள் பார்சல் ஏற்பதையே நிறுத்தின. இந்தியாவில் அக்டோபர் நடுவில் மீண்டும் தொடங்கியது. அனுப்பும் முன் அன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலிவாகக் கிடைக்கும் சிப் அசல்தானா?

அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர் உற்பத்தியாளரிடமிருந்து நேராக வாங்குகிறார். லாட் எண்ணை வைத்துத் தொழிற்சாலை வரை பின்னோக்கிப் போகலாம். தரகர் வழியாக வருவதற்கு அந்தச் சங்கிலி இல்லை. பழைய மின்சுற்றுப் பலகையிலிருந்து சிப்பைக் கழற்றி, மேற்பரப்பைத் தேய்த்து, புதுப் பெயர் அச்சிட்டு விற்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. 2014 அக்டோபரில் எஃப்டிடிஐ நிறுவனத்தின் யுஎஸ்பி சிப் போலிகளுக்கு என்ன நடந்தது என்பது நல்ல பாடம். விண்டோஸ் புதுப்பிப்பு வழியாக வந்த டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்), போலிச் சிப்பைக் கண்டதும் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டது. தெரியாமல் போலி வாங்கியவர்களின் கருவிகள் திடீரென்று வேலை செய்யவில்லை. பெரிய எதிர்ப்பு கிளம்பி அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. எதிர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். போலி செய்தவன் நஷ்டப்படவில்லை, வாங்கியவர்தான் நஷ்டப்பட்டார்.

சிப்பின் மேல் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியைப் பாருங்கள். 2318 என்றால் 2023-ன் 18-ஆம் வாரம். ஒரே பையில் உள்ள சிப்புகளில் வெவ்வேறு வாரங்கள் கலந்திருந்தால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

பெட்டியில் ஒரு பை குறைந்தால் என்ன செய்வது?

முதலில் நிரப்புத் தாளை எல்லாம் விரித்துப் பாருங்கள். ஒரு ரெசிஸ்டர் துண்டு விரல் நீளம்கூட இருக்காது. காகித மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் பெட்டியின் வெளிச்சீட்டு, உடைந்த ஒட்டுநாடா, இன்வாய்ஸ், வந்த பைகள் எல்லாவற்றையும் படமெடுத்து அன்றைக்கே எழுதுங்கள். ஒட்டுநாடாவில் சுங்கத்தின் முத்திரை இருந்தால் அதையும் தெளிவாக எடுங்கள். பெட்டி வழியில் திறக்கப்பட்டது என்பதற்கு அதுதான் சான்று. பைகளின் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். பாகத்தில் குறை தெரிய வந்தால் உற்பத்தியாளர் முதலில் கேட்பது அந்தச் சீட்டில் இருக்கும் லாட் எண்ணைத்தான்.